சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு தோள்பட்டை

நவரைப் பருவத்து நெல் மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிய வாரம் அது. களம்பூரில் இருக்கும் எங்கள் ரைஸ் மில்லுக்கு ஒரு இன்ஜினீயர் வந்தார். கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, மில்லின் பின்பக்க ஷெட்டை நீளவாக்கில் அளந்தார், அகலவாக்கில் அளந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் மனைவி சுமதியிடம் திரும்பினார்.

"மேடம், மெஷின் இங்கதான் உக்காரும். இந்த ரெண்டு காரையும் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

உடைந்த நாற்காலிகளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். நான் சுமதியின் முகத்தைப் பார்த்தேன். மோட்டார் எரிந்த நாளிலும், மழையில் நெல் நனைந்த வருடத்திலும் மாறாத முகம். அன்று கொஞ்சம் மாறியது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்களைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் ஆரணியில் பட்டுப் புடவை மொத்த வியாபாரம் செய்கிறவன். சுமதி அவள் அப்பாவுக்குப் பிறகு களம்பூர் மில்லைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பட்டு, அவள் அரிசி. எங்கள் வீட்டில் அரிசிக்குத்தான் மரியாதை. நியாயம்தானே? பட்டு இல்லாமல் ஒரு வருடம் தள்ளிவிடலாம். அரிசி இல்லாமல்?

அந்த மெஷின் என்ன செய்யும் என்றால், நிறம் மாறிய அரிசியைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளிவிடும். அது இல்லாத மில் அரிசியைக் கடைக்காரர்கள் தொடக்கூட மாட்டேன் என்கிறார்கள். ஆகவே மெஷின் வந்தே ஆக வேண்டும். ஆகவே ஷெட் காலியாக வேண்டும். ஆரணி வீட்டில் கீழே கடை, மேலே நாங்கள், பக்கவாட்டில் ஒரே ஒரு கார் நிற்க இடம்.

ஆக, இரண்டில் ஒன்று. எது?

அந்த இரண்டு கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார். இரண்டிலுமே இரண்டே சீட். நெல் லாரிகளுக்கு நடுவே இரண்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்த ஒரே ரைஸ் மில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதலாவது சிவப்பு. நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து, பிறகு நிறுத்திவிட்டார்கள். கூரை என்ற பெயரில் ஒரு கேன்வாஸ் துணி. மழை வந்தால் அந்தத் துணியை இழுத்து மாட்டுவதற்குள் மழை நின்றுவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்புவது, ஊறிய அரிசி போட்ட ஆட்டுக்கல்லைச் சுற்றுவது மாதிரி. சுமதி மில்லை எடுத்து நடத்த ஆரம்பித்த வருடம், பெங்களூரில் ஒருவரிடமிருந்து அதை வாங்கினாள். "பொம்பளையால மில்லு ஓட்ட முடியுமா?" என்று களம்பூரில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்த காலம். வாங்கிய மறுநாள் காலை கூரை இல்லாத சிவப்புக் காரில் போய் மில் வாசலில் இறங்கினாள். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் காரைப் பற்றித்தான் பேசினார்கள். மில்லை அவள் நிம்மதியாக ஓட்டினாள்.

இரண்டாவது நீலம். ஜப்பானில் பிறந்தது. வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய ஒரு டாக்டர் கப்பலில் கொண்டுவந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் பானெட்டிலிருந்து இரண்டு கண்கள் எழுந்து பார்க்கும், அணைத்தால் படுத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் வெண்ணெய். எங்கள் மகள் மது கனடாவுக்குப் போன பிறகு வீடு ஒரே நிசப்தமாகிவிட்டது. அப்போது வந்தது இது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் அதில் ஏறி எங்காவது போய்விடுவோம்.

எனக்கு எது பிடிக்கும்? நான் கார் ஓட்டத் தெரியாதவன். ஸ்கூட்டரோடு சரி. கல்யாணமான புதிதில் ஒருமுறை மாமனாரின் காரை ஓட்டிப் பார்த்து, மில்லின் உமிக் குவியலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். காதில் புகுந்த உமி ஒரு வாரம் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் பக்கத்து சீட்டுக்காரன்.

பக்கத்து சீட்டுக்காரனின் பார்வையில் ஸ்போர்ட்ஸ் காரை எடைபோடுவது வேறு மாதிரி. சிவப்பில் போனால் கத்தத்தான் முடியும். நீலத்தில் போனால் பேசலாம். வாராவாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் பாதிக்கு மேல் நீலக் காரில் சுமதி சொன்ன கதைகள்தான். எனவே என் ஓட்டு நீலத்துக்கு. சுமதியின் ஓட்டு...? கேட்கவே வேண்டாம்.

"வேற ஷெட்டு வாடகைக்கு எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"வண்டின்னா தினம் மொகத்தைப் பாக்கணுங்க. எங்கயோ பூட்டி வெச்சிட்டு, வாரத்துக்கு ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு அது இன்னா ஆஸ்பத்திரியா?"

மதுவிடம் வீடியோ காலில் சொன்னோம். "ரெண்டையும் குடுத்துட்டு ஒரு பெரிய ஆட்டோமேட்டிக் கார் வாங்குங்கம்மா. ஏறி இறங்க ஈஸியா இருக்கும்" என்றாள். சுமதி, "அங்க குளிரு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவள் பேச்சை மாற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஒரே ரோடு, ஒரே தூரம். ஆரணியிலிருந்து போளூர் போய்த் திரும்புவது. இந்த ஞாயிறு சிவப்பு, அடுத்த ஞாயிறு நீலம். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு.

அந்த ஞாயிறு காலை சிவப்பில் கிளம்பினோம். பஜாரைத் தாண்டுவதற்குள்ளேயே டீக்கடையிலிருந்து ஒருவர், "மில்லுக்காரம்மா கெளம்பிட்டாங்கோ!" என்று குரல் கொடுத்தார். சுமதி வலது கையைத் தூக்கி ஆட்டினாள். ஊர் எல்லை தாண்டியதும் காற்று. என் மிச்சசொச்சத் தலைமுடி எழுந்து நின்றது.

"டிபன் எங்க?" என்று கத்தினேன்.

"இன்னா? டிரெயினா?"

"டிபன்... டிபன்!"

"ஆமாங்க, ரயில்வே கேட்டு மூடிடுவான். ஜல்தியா போயிடலாம்!"

இதுதான் சிவப்பு. இப்படித்தான் இத்தனை வருடமும். எனக்குப் பசி, அவளுக்கு சந்தோஷம். அவள் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தபோது, சரி, இதையே வைத்துக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் நானே என் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டேன்.

போளூரில் பொங்கல், வடை. திரும்பும்போது மெயின் ரோட்டை விட்டு ஏரிக்கரை வழியாக வரலாம் என்றாள். நல்ல ரோடுதான். ஆனால் அறுவடை நேரம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்து, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே நெல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் இடதுபக்கம் நெல் மேலேயே ஏற்றி ஒதுங்கியிருப்பார்கள். சுமதி செய்ய மாட்டாள். நெல்லின் மேல் டயர் படுவது அவளைப் பொறுத்தவரை சோற்றை மிதிப்பது. ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதில் அவள் கில்லாடி. இடது கையை என் சீட்டின் முதுகில் போட்டு, முழுசாகத் திரும்பி, ஒரே இழுப்பில் போய் நிறுத்துவாள். அந்தக் கை என் தோளுக்குப் பின்னால் வந்து விழுவதை நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை.

இடது கையைக் கியரில் வைத்தாள். அந்தக் காரில் ரிவர்ஸ் விழ வேண்டுமானால் கியரை அழுத்தி, இடதுபக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். பாதி வரை போன கை அப்படியே நின்றது. கீழுதட்டைக் கடித்தாள். பிறகு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கியரை இழுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் மட்டும் பார்த்தாள். ஒற்றைக் கையால் அந்த ஆட்டுக்கல் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். பின் டயர் நெல்லின் ஓரக் கல்லில் முட்டியது. மறுபடி ஆஃப்.

லாரியிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. ஏழுமலை. பல வருடமாக எங்கள் மில்லுக்கு நெல் லோடு அடிக்கிறவர்.

"நம்ம அம்மாவா? இன்னாம்மா ஆச்சு, வண்டி பேஜார் பண்ணுதா?"

சுமதி சிரித்தாள். "ஆமா ஏழுமலை. கியரு மாட்டிக்கினு வரமாட்டேங்குது. பழைய வண்டிதானே... அப்படித்தான்."

நான் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காரை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நடுரோட்டில் ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தபோது, "வெயில் ஜாஸ்தி" என்றாள். பேட்டரி செத்தபோது, "நான்தான் ரொம்ப நாளா ஸ்டார்ட் பண்ணல" என்றாள். டயர் வெடித்தபோது பஞ்சாயத்து ரோட்டைத் திட்டினாள். வெயில், ரோடு, மெக்கானிக், அவள், நான்... எல்லோர் மீதும் தப்பு இருக்கலாம். வண்டி மீது மட்டும் இருக்காது. அந்த வண்டியைப் போய், வேறொருவர் முன்னால் காட்டிக்கொடுக்கிறாள் என்றால்?

"நீங்க உக்காருங்கம்மா, நான் வாங்கிக்கறேன்" என்று ஏழுமலை முழு லோடுடன் லாரியைப் பின்னால் எடுத்தார். புளியமரம் வரை எடுத்தார். சாதாரணமாக சுமதி அதற்குச் சம்மதிக்கவே மாட்டாள். அன்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த இடது கையை வலது கையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

ஆரணி வரை இருவரும் பேசவில்லை. காற்றின் மேல் பழி போட முடியாது. வண்டி அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவளைக் கவனித்தேன். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள், முன்னெல்லாம் எம்பி எடுப்பாள். ஜடை பின்னாமல் தலைமுடியை ஒரு பெரிய கிளிப்பில் அடக்கியிருந்தாள். அந்தக் கிளிப்பைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்திருந்தேன். முந்தானையைத் தோளில் போடும்போது இடது பக்கத்துக்கு வலது கை வந்து உதவியது. தினம் நூறு புடவையைப் பிரித்துக் காட்டுகிறவன் நான். என் வீட்டில் ஒரு முந்தானை எப்படித் தோளுக்குப் போகிறது என்று பார்க்கவில்லை.

நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் சுமதியிடம் 'உன்னால் முடியவில்லையா?' என்று கேட்பது மாதிரி ஆபத்தான காரியம் வேறில்லை. முப்பது வருடத்துக் குடும்ப அனுபவம் எனக்கு ஒரு யோசனை சொன்னது. பழியை நானே எடுத்துக்கொள்வது!

அடுத்த ஞாயிறு. நீலக் கார். அதே போளூர் ரோடு. ஊரைத் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சுமதி, யோசிச்சிப் பாத்தேன். சிவப்பைக் குடுத்துடலாம். எனக்கு அதுல உக்காந்தா முதுகு தாங்கல."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "எந்தப் பக்கம் வலிக்குது?"

"அது... ரெண்டு பக்கமும்."

"எப்போலேருந்து?"

"போன ஞாயித்துக்கிழமைலேருந்து."

"செவ்வாக்கிழமை கடையில அவ்ளோ பெரிய பார்சலைத் தூக்கி வண்டியில வெச்சீங்களே. அப்போ முதுகு எங்க போயிருந்துச்சு?"

நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயல். பார்க்க அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"என் தோளுக்காக உங்க முதுகு எதுக்குங்க பொய் சொல்லுது?" என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பித்ததாம். முதலில் தூங்கி எழுந்தால் லேசான வலி. பிறகு கை மேலே போகவில்லை. பிறகு பின்னாலும் போகவில்லை. நீல வண்டியில் கியர் விரலால் தட்டினாலே விழுகிறது; அதனால் தெரியவில்லை. சிவப்பு மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்டாதேன்னு சொல்வீங்க."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருப்பீங்க. அதட்டிச் சொன்னா சண்டை போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். நீங்க அன்பா சொல்லுவீங்க. அதான் பேஜாரு."

கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு ஏழுமலைகிட்ட வண்டியச் சொல்லிட்டேங்க. வாயில வந்துடுச்சு. உங்கள வீட்ல எறக்கிட்டு, மில்லு ஷெட்ல வுட்டுட்டு, அது பானெட்டத் தொட்டுகினு கொஞ்ச நேரம் நின்னேன்."

டிபன் சாப்பிடாமலேயே வண்டியைத் திருப்பச் சொன்னேன். மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் கையைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் வருவதுதான் என்றார்.

"சரியாகுமா?" என்று சுமதி கேட்டாள்.

"கண்டிப்பா சரியாகும்மா. ஆனா அது இஷ்டத்துக்குத்தான் சரியாகும். ஆறு மாசத்துல ஆனவங்களும் இருக்காங்க, ரெண்டு வருஷம் ஆனவங்களும் இருக்காங்க. எக்சர்சைஸ் விடாம செய்ங்க."

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன். நீலத்தை வைத்துக்கொண்டால் இன்றே ஓட்டலாம். சிவப்பை வைத்துக்கொண்டால் எப்போது ஓட்டுவாள் என்று டாக்டருக்கே தெரியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மது சொன்னாள். மெக்கானிக் சொன்னார். நானும் சொன்னேன், என் பாணியில் கொஞ்சம் வியாபாரம் கலந்து சொன்னேன்.

"சுமதி, நான் விக்கற பட்டுல பாதி எங்க போகுது தெரியுமா? பீரோவுக்கு. அப்புறம் கட்டிக்கலாம், அப்புறம் கட்டிக்கலாம்னு உள்ள வெக்கறாங்க. வெளிய எடுக்கும்போது மடிப்புல பொடிஞ்சிருக்கு. இன்னிக்குக் கட்டிக்கறதுதான் புடவை. இன்னிக்கு ஓட்டறதுதான் வண்டி."

நன்றாகத்தான் சொன்னேன், இல்லையா? எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் அப்போது கூடத்துச் சுவருக்கு எதிரே நின்று டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தாள். இடது கை விரல்களால் சுவரில் நண்டு மாதிரி ஏற வேண்டும். மார்பு உயரம் வரை ஏறிய விரல்கள் அங்கேயே நின்றன. நெற்றியில் வியர்வை.

"நீலத்தை வெச்சிக்கினா சௌகரியம்தாங்க. நாளைக்கே ஓட்டலாம். ஆனா ஒண்ணு பாருங்க... அதுல என் தோள் இப்படியே இருந்தாலும் ஓட்டலாம். அப்போ இந்தச் சுவத்துல நான் எதுக்கு ஏறணும்?"

வலது கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சரியாகும்னு சொல்றாரு. சிவப்பை வித்துட்டா, சரியாகாதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

விரல்கள் இன்னும் ஒரு அங்குலம் ஏறின. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நிறுத்தினாள். அந்த நிமிடத்தில் நான் சொன்ன பீரோ தத்துவம் எல்லாம் எனக்கே வெறும் கடைப் பேச்சாகத் தோன்றியது. புடவை பீரோவில் காத்திருக்கலாம், பொடிந்து போகலாம். ஆனால் சிலருக்கு எதிரே ஒரு பொருள் நின்று, 'எப்போ வர்றே?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அது கேட்பதால்தான் அவர்கள் காலையில் எழுந்து சுவரில் ஏறுகிறார்கள்.

"சரி, வெச்சிக்கலாம்" என்றேன். "ஆனா சிவப்பு சும்மா நின்னா கெட்டுப் போயிடுமே. அதுவரைக்கும் அதை யார் ஓட்டறது?"

சுவரிலிருந்து கையை இறக்கி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதான்."

உமிக் குவியலை ஞாபகப்படுத்தினேன். வயதை ஞாபகப்படுத்தினேன். ஆட்டுக்கல் ஸ்டீயரிங்கை ஞாபகப்படுத்தினேன். "முதுகு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

நீலத்தைக் கேட்டு மூன்று நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் வந்ததும் செல்ஃபி எடுத்தார். சுமதி அவரை அப்படியே அனுப்பிவிட்டாள். கடைசியாக வேலூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்தார், ஹெட்லைட் சுவிட்சைப் போட்டார், கண்கள் எழுந்தன. அணைத்தார், படுத்தன. மறுபடி போட்டார். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு சுமதி என் காதில், "இவருக்குத்தாங்க" என்றாள்.

அவர் வண்டி எடுக்க வந்த அன்று, டேஷ்போர்டு அறையைக் காலி செய்வது என் வேலை. என் மூக்குக் கண்ணாடி ஒன்று, பாதி தீர்ந்த புதினா மிட்டாய், போளூர் ஓட்டல் டிஷ்யூவில் நான் கிறுக்கி வைத்த நாலு வரி. எடுக்க எடுக்க எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வண்டி அவளுடையது என்று ஊரே சொன்னது. அதன் பக்கத்து சீட்டு முழுக்க நான்தான் இருந்திருக்கிறேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

நீலம் தெரு முனையில் திரும்பி மறைந்தது. சுமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் கஷ்டம், தெரியும். பேசிகினு போற வண்டி போயிடுச்சேன்னு பாக்கறீங்க."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

"கவலைப்படாதீங்க. நீங்க ஓட்டற வேகத்துக்குச் சிவப்புல காத்தே அடிக்காது. நல்லா பேசலாம்."

எல்.எல்.ஆர். எடுத்தேன். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்னும் பின்னும் 'எல்' என்ற எழுத்தை ஒட்டினோம். புது மணப்பெண் கையில் பிளாஸ்டிக் வளையல் போட்ட மாதிரி இருந்தது. மில்லில் நெல் உலர்த்தும் சிமெண்ட் களம்தான் என் டிரைவிங் ஸ்கூல்; நான் பழகும் வரை வண்டியும் அங்கேயே நின்றது. வேலை முடிந்த மாலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஏழுமலை லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து சொல்வார்:

"சார், கிளட்ச்சை மெதுவா வுடுங்க சார்! கோச்சிகினு வீட்ட வுட்டுப் போறவரு மாதிரி பட்டுனு வுடறீங்களே!"

ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி முதல் வாரம் என் இரண்டு கைகளும் வலித்தன. அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருடம் இவள் என்ன ஒரு பலத்தோடு இதைச் சிரித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள் என்று. அதைச் சொன்னேன். "வேகம் போனா லேசாயிடும்" என்றாள். வேகம் போக எனக்கு தைரியம் இல்லை. ஆகவே எனக்கு அது கனமாகவே இருக்கிறது.

ஷெட் போய்விட்டது. புது மெஷின் வந்து உட்கார்ந்து, கறுத்த அரிசியை ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுமதியின் விரல்கள் இப்போது சுவரில் மூக்கு உயரம் வரை ஏறுகின்றன. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோட்டுக்கு மேலே அதிகச் சுவர் இல்லை என்று சொல்லிக்கொள்கிறாள். இருக்கிறது. நான் சொல்வதில்லை.

போன ஞாயிறு முதல் முறையாகக் களத்தை விட்டு வெளியே வந்தேன். களம்பூரிலிருந்து போளூர் வரை. பக்கத்து சீட்டில் சுமதி. லாரி வந்தால் மூச்சை இழுத்தாள். மாடு வந்தால் இல்லாத பிரேக்கை மிதித்தாள். "செகண்டு... செகண்டு போடுங்க... ஹாரன்... ஐயோ, ஹாரன் அடிங்கன்னா வைப்பர் போடறீங்க!" வழி முழுக்க நிறுத்தவில்லை. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து, மரியாதையாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

போளூர் ஓட்டல் வாசலில் ஒரு வழியாக நிறுத்தினேன். சட்டை முழுக்க வியர்வை. அவள் இறங்கவில்லை. டேஷ்போர்டை வலது கையால் ஒருமுறை தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவால்லைங்க. வண்டி உங்களை ஏத்துக்கிச்சு" என்றாள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

உயிருக்கு உயிரான ஒன்றை நேசிப்பதற்கு இரண்டு பாதிகள் உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, தன்னால் முடியாதபோது சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது. இன்னொன்று, கொடுத்த பிறகு பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

என் மனைவி முதல் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.